அரை மணி நேரம்

ஜூன் 3
பாப்பாவின் எடை 10.4 கிலோ. பிப்ரவரியிலும் இதே எண்தான்.

ஜூன் 4
பொள்ளாச்சிக்குப் போய் வந்தோம். விழுங்குவதில் கோளாறோ, உண்டது எதுக்களிக்கும் தொல்லையோ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மருத்துவர் அவளது சாப்பிட மறுக்கும் பழக்கத்தைப் பற்றிப் பேசினார். என்ன, எப்போது, எங்கே என்பவை எங்கள் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பவை பாப்பாவின் பொறுப்பு. ஒரு வேளைக்கு அரை மணி நேரம், அடுத்த வேளைக்கு மூன்று மணி நேர இடைவெளி, நடுவில் தண்ணீர் மட்டும். கேட்டபோதெல்லாம் பால் கொடுத்து அவள் பசியை நாங்களே அடைத்திருக்கிறோம். கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்குள் பிஸ்கட்டுக்கு அழுதாள், கொடுத்துவிட்டேன்.

ஜூன் 6
கைபேசி இல்லாமல் முதல் இட்லி. தட்டைத் தள்ளினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8
அழுகை கூடிவிட்டது. துப்புவதையும் அலறுவதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் அவை முதலில் ஏறிவிட்டுத்தான் இறங்கும் என்றும், நடுவில் ஒரு முறை இரங்கிவிட்டால் இன்னும் நீளமாக அழ வேண்டும் என்பதையே குழந்தை கற்றுக்கொள்ளும் என்றும் மருத்துவர் சொன்னதை எழுதியே வைத்திருக்கிறேன். ஆனாலும் அரை மணி முடிந்து தட்டை எடுக்கும்போது என் கை நடுங்குகிறது. "பட்டினி போடுவதற்கா பெற்றாய்?" என்று அத்தை கேட்டார். நிலாவைக் காட்டி, மூக்கைப் பிடித்து, நான்கு பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

ஜூன் 9
பால் கேட்கவில்லை.

ஜூன் 13
மத்தன் (பரங்கிக்காய்) துண்டை விரலால் தொட்டாள்; பாராட்டினேன். தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நாக்கில் வைப்பது என்று படிப்படியாகத்தான் போக வேண்டுமாம். புதிய உணவு ஒன்று பிடித்துப்போகப் பத்துப் பதினைந்து முறை கண்ணில் பட வேண்டியிருக்கும். நாங்களோ மூன்றாம் முறையிலேயே அவளுக்குப் பிடிக்காது என்று ஒதுக்கிவிடுவோம். இது ஐந்தாம் முறை. மிட்டாய் தருகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். மிட்டாய்க்காகத் தின்ற மத்தன் கசப்பு மருந்தாகிவிடும்.

ஜூன் 15
வாய் திறக்கும் வரை கரண்டியை உதட்டருகிலேயே பிடித்திருக்கும் முறையும் உண்டாம். பயிற்சி பெற்றவர் உடன் இல்லாமல் வீட்டில் செய்யக் கூடாது என்றார் மருத்துவர். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜூன் 17
அத்தையின் முந்தானையில் நேந்திரம் பழத்தோல். இரண்டு நாளாக மதியம் உண்ணாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை, அவரும் மூன்று மாதமாகத் தூங்கவில்லை.

ஜூன் 18
அத்தையின் தட்டிலிருந்து தானாகவே மத்தனை எடுத்து வாயில் வைத்து, மென்று, துப்பினாள். ஏழாம் முறை என்று குறித்துக்கொண்டேன். எடை பார்க்க இன்னும் ஐந்து நாள்.