நான்கு தடங்களில் தொடங்கியவர்

வீடியோ கேம்களுக்கு இசை சேர்க்கும் வேலைக்கு வந்த முதல் ஆண்டில், அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டிய என் மெட்டு ஒன்று ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. இரண்டு நிமிட இசை. முடிவில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து உச்சத்துக்கு ஏறும். கேமைச் சோதித்தவர் ஒரு கட்டத்தைக் கடக்க முடியாமல் நாற்பது நிமிடம் அங்கேயே சுற்றியதில், அந்த உச்சம் இருபது முறை வந்து போயிருக்கிறது. கடைசியில் அவர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் விளையாடினாராம்.

அப்போது மூத்தவர் ஒருவர் என்னைக் கேட்கச் சொன்னது ஜெஸ்பர் கிட்டின் இசை. 1972இல் டென்மார்க்கில் பிறந்த கிட், பதின்ம வயதில் கொமடோர் 64, அமிகா ஆகிய கணினிகளில் இசையமைக்கத் தொடங்கி, தங்கள் நிரல் திறமையைக் காட்டுவதற்கென்றே இளைஞர்கள் உருவாக்கிய ‘டெமோ’க்களின் வழியாகப் பெயர் பெற்றவர். அமிகாவில் ஒரே நேரத்தில் நான்கு ஒலித்தடங்கள்தான் கிடைக்கும். தாளத்துக்கு ஒன்றைக் கொடுத்தால் மெட்டுக்கு ஒன்று குறையும். எந்தெந்த ஒலிகளை விட்டுவிடலாம் என்ற கணக்கை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நண்பர்களோடு சிரிங்ஸ் என்ற கேம் தயாரிப்புக் குழுவில் சேர்ந்து, சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் என்ற கேம் கருவிக்கான கேம்களுக்கு இசையமைத்தார். அந்தக் குழு கலைந்தபின் சிலர் கோபன்ஹேகனில் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனத்தைத் தொடங்க, இவர் நியூயார்க்கில் தனி ஸ்டூடியோ வைத்துக்கொண்டு அவர்களுடைய ‘ஹிட்மேன்’ கேம் வரிசைக்கு இசை தந்தார். 2002இல் வந்த இரண்டாம் பாகத்தில் புடாபெஸ்ட்டின் சிம்பொனிக் குழுவும் பாடகர் குழுவும் முழங்கின. 2004இல் வந்த ‘கான்ட்ராக்ட்ஸ்’ பாகத்திலோ அந்தப் பிரம்மாண்டத்தை ஒதுக்கிவிட்டு, இருண்ட மின்னணு ஒலிகளுக்குத் திரும்பினார். 2005இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது அதற்குத்தான். என் வயலின்களை நினைத்துக்கொண்டு இந்தச் செய்தியைப் பலமுறை அசைபோட்டிருக்கிறேன்.

அவருடைய புகழும் விசித்திரமானதுதான். ‘அசாசின்ஸ் கிரீட் 2’ கேமுக்காக 2009இல் அவர் அமைத்த ‘எசியோஸ் ஃபேமிலி’ மெட்டை அந்த வரிசையில் பின்னர் வந்த இசையமைப்பாளர்களும் எடுத்தாண்டார்கள்; அதை முணுமுணுக்கும் ஆட்டக்காரர்களில் பலருக்கு இவர் பெயர் தெரியாது. 2018இல் வெளியான ‘தும்பாட்’ என்ற இந்திப் படத்தின் பின்னணி இசை அவருடையது என்று நான் சொன்னபோது, எங்கள் குழுவிலேயே இருவர் நம்பவில்லை.

இப்போது எந்த மெட்டையும் ஒப்படைக்கும் முன், அதை ஒரு மணி நேரம் ஓடவிட்டு வேறு வேலை பார்க்கிறேன். இடையில் என் கை தானாக ஒலியைக் குறைக்கப் போனால், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே ஒரு தடத்தை நீக்கிவிடுகிறேன்.