2024 ஜனாதிபதித் தேர்தல்: 'மக்கள் தீர்ப்பு' என்று எழுதுமுன் பார்க்க வேண்டிய கணக்குகள்

2024 செப்டெம்பர் 21இல் இலங்கையில் நடந்த ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வசனங்கள் எப்படியும் வந்துவிடும். ஒன்று, "வடக்கு கிழக்கு மாற்றத்தை நிராகரித்தது." மற்றது நவம்பர் பொதுத்தேர்தலுக்குப் பிறகு கிளம்பியது: "தமிழ்த் தேசியம் முடிந்துபோனது." இரண்டு தேர்தலுக்கும் இடையில் 54 நாட்கள்தான். அதற்குள் அதே சனம் தலைகீழாக மாறிவிட்டது என்று நம்பினால்தான் இரண்டு வசனமும் ஒன்றாக நிற்கும். முடிவுத் தாள்களை நிதானமாகப் பார்த்தால் இரண்டுமே நிற்காது. மக்களுடைய மனம் கலந்துதான் கிடந்தது. அந்தக் கலப்பு எண்களிலேயே தெரிகிறது. எங்கே பார்ப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் முடிவு வந்த இரவு. மாலை 4 மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. முதலில் வெளியானவை தபால் மூல வாக்குகள். அவை அரச ஊழியர்களின் வாக்குகள்: ஆசிரியர், தாதியர், பொலிஸ், படையினர், அலுவலகப் பணியாளர். 18 வீத வற் வரியும் நின்றுபோன சம்பள உயர்வும் நேரடியாகச் சுட்ட வர்க்கம் அது. தெற்கு மாவட்டங்களில் அவர்கள் பெருமளவில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போட்டார்கள். அதனால் நள்ளிரவில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அதன் வேட்பாளர் அநுர குமார திசாநாயக்க 50 வீதத்தைத் தாண்டி ஓடுவதாகத் தெரிந்தது. கிராமத் தொகுதிகளின் பெட்டிகள் எண்ணப்பட எண்ணப்பட அது இறங்கி 42.31 வீதத்தில் நின்றது. இரவு 2 மணிக்கு "அலை" என்று எழுதியவர்கள் தபால் வாக்கைப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

அன்றிரவு 10 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். மறுநாள் நண்பகல் வரை நீடித்தார்கள். வென்ற தரப்பும் ஆதரவாளர்களை அடக்கி வாசிக்கச் சொல்லியிருந்தது. ஆகவே "வெடிகூடக் கொளுத்தவில்லை, சனத்துக்கு ஆர்வமில்லை" என்பதும் பிழையான வாசிப்பு. வீதி வெறிச்சோடியதற்குக் காரணம் ஊரடங்கு.

இனி எண்களுக்கு வருவோம். பதிவான வாக்காளர் 1 கோடியே 71 இலட்சத்து 40 ஆயிரத்து 354 பேர். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 79 வீதம். அநுரவுக்கு 56,34,915. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035. அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவுக்கு 22,99,767. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. அதனால், 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்ததிலிருந்து ஒருமுறையும் தேவைப்படாத இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணிக்கை அன்றுதான் நடந்தது.

அது எப்படி நடக்கும் என்பது பலருக்கு இன்றும் சரியாக விளங்கவில்லை. ஒரு வாக்குச்சீட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 39 பெயர்கள், கிட்டத்தட்ட இரண்டேகால் அடி நீளம். நியமனப் பத்திரம் கொடுத்த பிறகு இறந்துபோன ஒருவரின் பெயரும் சீட்டில் இருந்தது. சங்குச் சின்னத்துக்கு நேரே 1, ரணிலின் எரிவாயு சிலிண்டருக்கு நேரே 2, திசைகாட்டிக்கு நேரே 3 என்று ஒருவர் இலக்கமிட்டிருக்கிறார். முதல் சுற்றில் அந்தச் சீட்டு சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரனின் கட்டுக்குப் போகும். யாருக்கும் 50 வீதம் இல்லை என்று ஆனதும், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே தடவையில் நீக்கப்படுவார்கள். ஒருவர் ஒருவராகக் கழிக்கும் முறை இங்கே இல்லை. நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மறுபடி எடுத்து 2 எங்கே என்று பார்ப்பார்கள். இந்தச் சீட்டில் 2 ரணிலுக்கு. அவரும் போட்டியில் இல்லை. அடுத்து 3. அது அநுரவுக்கு. அந்த மூன்றாவது விருப்பும் ஒரு முழு வாக்காக அவர் கணக்கில் சேரும். 3ஐயும் வேறு யாருக்கோ போட்டிருந்தாலோ, 1 மட்டும் போட்டிருந்தாலோ, வெறும் புள்ளடி (X) மட்டும் இருந்தாலோ, சீட்டு அத்தோடு ஓரமாக வைக்கப்படும்.

ஓரமாக வைக்கப்பட்டவை எத்தனை? செல்லுபடியான வாக்கு 1,33,19,616. முதல் இருவரின் வாக்கைக் கழித்தால் மிச்சம் 33,21,666. இவற்றிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தது 1,05,264. சஜித்துக்குச் சேர்ந்தது 1,67,867. இரண்டையும் கூட்டினால் 2,73,131. நூற்றுக்கு எட்டுச் சீட்டுத்தான் மேலே போயிருக்கிறது. 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் "இந்த இருவரில் யார்?" என்ற கேள்விக்கு விடையே இல்லை.

இது பிடிவாதம் மட்டுமல்ல. 42 வருடம் தேவைப்படாத ஒன்றை யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. தேர்தல்கள் ஆணைக்குழு விளக்கம் கொடுத்தது உண்மை. ஆனால் வீட்டுக்கு வீடு போன கட்சிக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் சின்னத்துக்கு ஒரு புள்ளடி என்றே படிப்பித்தார்கள். இரண்டாவது வாக்கைப் பற்றிப் பேசினால் முதலாவது நழுவிவிடும் என்ற பயம்.

கடைசிக் கணக்கில் அநுர 57,40,179, சஜித் 45,30,902. இந்த இருவருக்கும் சேர்ந்த சீட்டுகளுக்குள் அநுரவுக்கு 55.89 வீதம். செல்லுபடியான எல்லா வாக்கையும் எடுத்தால் அதே தொகை 43 வீதம். பதிவான வாக்காளரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர். மூன்றும் உண்மையான எண்கள். அவர் வென்றது சட்டப்படி முழுச் சுத்தம். அதில் கேள்வியே இல்லை. ஆனால் "நாடே தெரிவு செய்தது" என்றவரும் "பாதிச் சனம்கூட விரும்பவில்லை" என்றவரும் தங்களுக்கு வசதியான ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டினார்கள். 2019இல் முதல் சுற்றிலேயே 52.25 வீதம் எடுத்த கோட்டாபய ராஜபக்ச மூன்று வருடம் முடியுமுன், 2022 ஜூலை 13 அன்று நாட்டை விட்டு ஓடினார். வீதம் பெரிதாக இருப்பதால் மனம் ஒன்றாகிவிடாது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கேதான் அவசர முடிவுகள் அதிகம் விழுந்தன.

2019இல் யாழ் மாவட்டம் ஒரே பக்கம் சாய்ந்தது. சஜித்துக்கு 3,12,722 வாக்கு, 84 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. ராஜபக்ச வரக்கூடாது என்ற ஒரே எண்ணம் அதற்குப் போதுமாயிருந்தது. 2024இல் அந்தப் பயம் இல்லை. அதே மாவட்டத்தில் சஜித்துக்கு 1,21,177, அரியநேத்திரனுக்கு 1,16,688, ரணிலுக்கு 84,558, அநுரவுக்கு 27,086. முதலிருவருக்கும் இடையில் 4,489 வாக்குத்தான். நிறம் தீட்டிய வரைபடத்தில் யாழ்ப்பாணம் "சஜித் மாவட்டம்". உண்மையில் மூன்றில் இரண்டு பங்கினர் அவருக்குப் போடவில்லை.

நான்கு தொகைக்கும் நான்கு நியாயம் இருந்தது. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்க முடிவெடுத்தது. அதே கட்சியின் சிவஞானம் சிறீதரன் பொதுவேட்பாளருக்காக மேடையேறினார். ரணிலுக்கு விழுந்ததில் டக்ளஸ் தேவானந்தாவின் கட்சிக்காரர்களின் உழைப்பு உண்டு. எரிபொருள் வரிசையும் எரிவாயு வரிசையும் நின்றதற்காகப் போட்ட வாக்கும் உண்டு. அநுரவின் 7 வீதத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள், அந்தக் கட்சி இங்கே என்ன ஞாபகத்தோடு நுழைந்தது என்பதை மறந்துவிட்டார்கள். இணைந்த வடக்கு கிழக்கைப் பிரிக்கும்படி உயர் நீதிமன்றம் போய் 2006 ஒக்டோபரில் தீர்ப்பு வாங்கியது, தேசிய மக்கள் சக்தியின் தாய்க்கட்சியான ஜே.வி.பி. அதற்கு முந்தைய வருடம், சுனாமி நிவாரணத்துக்காக அரசும் புலிகளும் ஒப்புக்கொண்ட பொதுக்கட்டமைப்பையும் வழக்குப் போட்டு முடக்கியது. 40 வயதைத் தாண்டிய தமிழ் வாக்காளருக்கு இது பழைய செய்தி அல்ல.

பிறகு நிராகரிக்கப்பட்ட வாக்கு. நாடு முழுக்க 3,00,300, அதாவது 2.2 வீதம். யாழ் மாவட்டத்தில் மட்டும் 25 ஆயிரத்துக்கு மேல், 6 வீதத்தைத் தாண்டியது. இதை யாரும் பேசவில்லை. ஒரு சீட்டு எப்படிச் செல்லாமல் போகிறது? இருவருக்குப் புள்ளடி போட்டால் செல்லாது. இருவருக்கு 1 போட்டால் செல்லாது. 1 இல்லாமல் 2, 3 மட்டும் போட்டால் செல்லாது. வாக்களித்தவரை அடையாளம் காட்டும்படி ஏதும் எழுதினால் செல்லாது. வெறுமையாக விட்டாலும் அதே கதி. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி புறக்கணிக்கச் சொன்னது. சிலர் வீட்டிலிருந்து புறக்கணித்தார்கள், சிலர் சாவடிக்குப் போய் சீட்டைக் கெடுத்திருக்கலாம். வேறு சிலர் இரண்டேகால் அடிச் சீட்டில் வழி தெரியாமல் பிழை விட்டிருப்பார்கள். எண்ணும் மேசையில் கோபமும் பிழையும் ஒரே கட்டில்தான் போகும், பிரித்தெடுக்க வழியில்லை. ஆனால் தேசிய சராசரியைப் போல மூன்று மடங்கு என்றால் அந்தக் கட்டைப் பேசாமல் கடந்துபோக முடியாது.

மலையகத்தில் கலப்பின் சாயல் வேறு. நுவரெலியாவில் சஜித்துக்கு 2 இலட்சத்துக்கு மேல், ரணிலுக்கு 1 இலட்சத்து 38 ஆயிரம், அநுரவுக்கு 1 இலட்சத்து 5 ஆயிரம். தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பக்கம், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் பக்கம் என்று தொழிற்சங்க வழியில் வாக்குப் பிரிந்தது. அந்த வருடம் மே மாதம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போக அது நின்றது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் வந்து முடிந்தது. கொழுந்து பறிப்பவருக்கு ஜனாதிபதி யார் என்ற கேள்வி அந்த 350 ரூபா இடைவெளிக்குள்தான் இருந்தது. சந்தாப் பணம் பிடிக்கும் சங்கம் காட்டிய சின்னத்துக்குப் போட்டுவிட்டு, முடிவு வந்ததும் "இவராவது கூட்டித் தருவாரா?" என்று எதிர்பார்ப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

முஸ்லிம் ஊர்களில் எதிர்பார்ப்போடு எச்சரிக்கையும் இருந்தது. கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்த 2020-21 காலத்தின் காயம் ஆறவில்லை; ராஜபக்சக்கள் போனது பெரும் நிம்மதி. ஆனால் நவம்பர் 18இல் பதவியேற்ற அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் அமைச்சர்கூட இல்லை என்றதும் அந்த நிம்மதி குறைந்தது. வவுனியாவில் 2017 பெப்ரவரியிலிருந்து தொடர் போராட்டத்தில் இருக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கோ எதுவும் மாறவில்லை. அவர்கள் கேட்பது ஒரே கேள்வி; அதை ஒவ்வொரு ஜனாதிபதியிடமும் கேட்டிருக்கிறார்கள். "மக்கள் மகிழ்ச்சி" என்று தலைப்புப் போடும்போது அவர்களும் மக்கள்தான் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

நவம்பர் 14. தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனம். யாழ் மாவட்டத்தில் 6இல் 3. "யாழ்ப்பாணம் சிவந்தது" என்று எல்லோரும் எழுதினார்கள். வாக்கு 27,086இலிருந்து 80,830 ஆனது உண்மை, பெரிய மாற்றம். இடையில் நவம்பர் 1ஆம் திகதி பலாலி - அச்சுவேலி வீதி 34 வருடத்துக்குப் பிறகு திறந்தது. புது ஜனாதிபதி வந்தும் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. ஆளும் கட்சியில் ஒரு ஆளை வைத்திருந்தால் வேலை நடக்கும் என்ற நடைமுறை எண்ணமும் சேர்ந்தது. ஆனாலும் அந்த 80,830 என்பது 24.85 வீதம். நூற்றுக்கு 75 பேர் வேறெங்கோ போட்டார்கள்.

25 வீதத்துக்குப் பாதி ஆசனம் எப்படி வந்தது? மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். 5 வீதத்துக்குக் கீழே எடுத்த கட்சிகளின் வாக்கைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்து மீதி 5 ஆசனத்தைப் பகிர்வார்கள். தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாகக் கேட்டதால் முதலிடம் 25 வீதத்திலேயே கிடைத்தது. தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்கு, ஒரு ஆசனம். 27,986 எடுத்த தமிழ்த் தேசிய மக்கள் முன்னணிக்கும் ஒன்று. 27,855 எடுத்த சுயேச்சைக் குழுவுக்கும் ஒன்று. மட்டக்களப்பில் அதே தமிழரசுக் கட்சி 5இல் 3 எடுத்தது. தமிழ்த் தேசியம் முடிந்தது என்று எழுதியவர்கள் மட்டக்களப்பு முடிவுத் தாளைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் காற்று மறுபடி திசை மாறியது. நாடு முழுக்க தேசிய மக்கள் சக்தி 43 வீதத்துக்கு வந்தது. யாழ் மாவட்டத்தின் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சி முன்னுக்கு நின்றது. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல். யாழ் மாவட்டத்தில் மூன்றிலும் வேறு வேறு முதலிடம். பிரதேச சபைக்கு ஊர்க்காரரை, பாராளுமன்றத்துக்கு ஆளும் கட்சியை, ஜனாதிபதிக்கு மூன்றாம் ஆளை என்று ஒரே வாக்காளர் மூன்று விதமாகப் போட்டிருக்கலாம். அவருக்கு அது குழப்பமல்ல, கணக்கு.

அடுத்த ஜனாதிபதித் தேர்தலிலும் முதல் சுற்றில் முடியாமல் போகலாம். புள்ளடி போட்டால் அந்தச் சீட்டில் ஒருவருக்கு மட்டுமே வாக்கு. மூன்று விருப்பையும் பயன்படுத்த நினைப்பவர் புள்ளடியைத் தவிர்த்து 1, 2, 3 என்று இலக்கமிட வேண்டும். மனதுக்குப் பிடித்தவர் வெல்ல வாய்ப்பில்லை என்று தெரிந்தால் அவருக்கு 1 கொடுங்கள். வெல்லக்கூடிய இருவரில் பரவாயில்லை என்று படுபவருக்கு 2 கொடுங்கள். அந்த 2 உங்கள் 1ஐக் குறைக்காது; 1 கொடுத்தவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்ட பிறகுதான் அதைப் பார்ப்பார்கள்.