ஓசித் தங்கம்

"அப்பா, இந்த ஆளுக்கு ஓசியிலயே தங்கம்!"

மகன் செல்போனை நீட்டினான். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக், பனித்தளத்தில் சறுக்கி ஓடும் 1000 மீட்டர் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் பந்தயத்தின் இறுதிச்சுற்று. கடைசி வளைவில் முன்னால் போன நான்கு பேரும் கொத்தாகச் சரிகிறார்கள். வெகு பின்னால் வந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவன் பிராட்பரி, கையைத் தூக்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு கோட்டைக் கடக்கிறார்.

நானும் சிரித்தேன். பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

அப்புறம் சொன்னேன். 1994இல் மாண்ட்ரியலில் இன்னொருவரின் ஸ்கேட் பிளேடு பிராட்பரியின் தொடையைக் கிழித்தது. நான்கு லிட்டர் ரத்தம் போனது. 111 தையல். 2000இல் பயிற்சியில் விழுந்து கழுத்து முறிந்தது. திரும்பவும் பனிக்கு வந்தார்.

இவர்களோடு வேகத்தில் மோத முடியாது, முட்டிக்கொண்டு விழுந்தால் உண்டு என்று கணக்குப் போட்டுத்தான் அன்று பின்தங்கி ஓடினார். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் முதல் தங்கம் அது.

இன்னொன்று. விழுந்து எழுந்து வெள்ளி வாங்கிய அமெரிக்கர் அப்போலோ ஓனோவின் காலில் இருந்தது, பிராட்பரி தயாரித்த ஸ்கேட்டிங் ஷூ.

மகன் வீடியோவை மறுபடி ஓட்டினான்.

"ஷூவுக்குக் காசு வாங்கினாரா, இல்ல அதுவும் ஓசியா?"