கிழக்கு மட்டையில் ஒரு வீடு

முதல் இரண்டு வாரமும் சாயங்காலம்தான் போனேன். வேலை முடிந்து, கண்டனூர் தாண்டி அந்தக் கிணற்றடியில் வண்டியை நிறுத்தும்போது ஐந்தரை ஆகிவிடும். கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. எடுத்த படமெல்லாம் ஒரே கருப்பு. லென்ஸைத் திட்டிக்கொண்டே வீடு திரும்புவேன். பழசாக வாங்கிய கேமரா, 250 மி.மீ. வரை போகும் லென்ஸ். திட்டு வாங்கப் பழகியதுதான்.

கிணற்றுக்காரர்தான் விஷயத்தை உடைத்தார். "ஏத்தா, இது கிழக்காமதான் கட்டும். ஆடிக் காத்து மேக்க இருந்துல்ல அடிக்குது? மரம் மறைச்சுக்கிரும். நீ காலையில வா." எண்ணிப் பார்த்தேன். 17 கூட்டில் 14 கிழக்குப் பக்கம். சாயங்கால வெயில் மரத்துக்குப் பின்னால் நிற்கும்போது கூடு எப்படித் தெரியும்? குருவிக்குத் தெரிந்த திசை எனக்குத் தெரிய 15 நாள் ஆகியிருக்கிறது.

அப்புறம் ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு மோட்டார் ரூம் சுவரை ஒட்டி நின்றுகொள்வேன். அதற்கு மேல் கிட்டே போவதில்லை. போன வருஷம் எங்கள் வீட்டு முல்லைக் கொடியில் கொண்டைக்குருவி கூடு வைத்தது. படம் தெளிவாக விழட்டும் என்று நாலு இலையை ஒதுக்கிக் கட்டினேன். மறுநாள் செண்பகம் வந்து குஞ்சுகளைத் தூக்கிப் போய்விட்டது. அந்தப் படங்கள் இன்னும் கார்டில் கிடக்கின்றன. திறந்து பார்ப்பதில்லை.

கட்டுவது ஆண்தான். தலையில் மஞ்சள் பூசினாற்போல் இருக்கும். புல்லின் ஓரத்தை அலகால் கடித்து, அதைப் பிடித்தபடியே பறக்கும். நாராகக் கிழிந்து வரும். வளையம் போட்டு, அதைக் குல்லாய் அளவுக்கு வளர்த்ததும் வேலை நின்றுவிடும். இனி பெண் வந்து பார்க்க வேண்டும். பெண் வந்துவிட்டால் மரமே அமளிப்படும். எல்லா ஆண்களும் தன் தன் குல்லாயில் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்துக் கூப்பிடும். அவள் உள்ளே போவாள், ஒரு நாரை இழுத்துப் பார்ப்பாள், வெளியே வருவாள். பிடித்தால்தான் கீழே நீளக் குழாய் வைத்து முடிப்பது. பொண்ணு பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் இந்த மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

மூன்றாவது மட்டைக்காரன் ஒருவன். மூன்று ஞாயிறாக அவன் குல்லாய்க்கு வந்தவர்கள் நான்கு பேர், நான் பார்த்தவரை. யாரும் தங்கவில்லை. பச்சை நார் பழுப்பேறிவிட்டது. ஐந்தாவது ஞாயிறு போனபோது பழையதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து ஓலையில் புதிதாகத் தொடங்கியிருந்தான். அதில் ஒருத்தி தங்கினாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஷட்டரை ஏற்ற மறந்து, காற்றில் ஆடிய கூடு முழுக்கக் கலங்கல். ஆடிக் காற்றில் ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறைந்தால் எதுவும் நிற்பதில்லை.

அடுத்த வாரமே அவன் இன்னொரு வளையம் போட்டுக்கொண்டிருந்தான், வேறொருத்திக்கு. முட்டை, அடை எல்லாம் முதல் பெண் தலையில். ஆயாவிடம் சொன்னேன். "வளவுல பிள்ளைக்கொரு வீடு கட்டுவாக. இவன் பொண்டாட்டிக்கொரு வீடு கட்டுறானாக்கும்" என்றார்கள். வளவு என்றால் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுற்றிலும் அறைகள் உள்ள முற்றம்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாமே, வண்ண நாரையெல்லாம் வருமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். போவேன், மார்கழியில். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத அந்த ஊர், கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அங்கே என் மட்டைக்காரன் இல்லையே.

ஐப்பசி மழையில் இரண்டு கூடுகள் விழுந்தன. குஞ்சுகள் பறந்து வெகுநாளான காலிக் கூடுகள். வெளிச்சத்துக்கு மின்மினியை ஒட்டிவைக்கும் என்பார்களே, ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். காய்ந்த களிமண் உருண்டைகள்தான் இருந்தன. மின்மினி இல்லை.

போன ஞாயிறு மரத்தில் சத்தமே இல்லை. கேமராவைப் பையில் வைக்கும்போது மட்டைக்காரனின் இரண்டாவது வீட்டுக் குழாயிலிருந்து ஒரு வெண்தொண்டைச் சில்லை தலையை நீட்டியது. குடி வந்துவிட்டார்கள். அவசரமாக எடுத்த படத்தில் வால் மட்டும் விழுந்திருக்கிறது.