தமிழில் எழுத வராத ஒப்புதல் அறிவிப்பு

சென்ற ஆண்டின் இறுதியில் எங்கள் சட்ட அலுவலகத்துக்கு வந்த ஒரு வேலை, முதல் பார்வைக்கு இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றே தோன்றியது. ஆட்சேர்ப்புக்கான மென்பொருளைத் தயாரித்து விற்கும் நிறுவனம் ஒன்று, பயனரின் தரவைத் திரட்டச் சம்மதம் கேட்டுத் தன் செயலியில் காட்டவேண்டிய ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தது. அதைச் சட்டப்படி சரிபார்த்து, தமிழிலும் எழுதித் தர வேண்டும். அந்த இரண்டு நாள் வேலை ஏழு வாரம் இழுத்தது. கட்சிக்காரர் இன்னார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அந்த ஏழு வாரத்தில் நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி ஆதாரை எதிர்த்து 2012இல் தொடுத்த வழக்கில், அந்தரங்கம் என்பது அரசமைப்பின் 21ஆவது கூறு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கிய அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகு தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வரைவு தந்த ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை, 2019ஆம் ஆண்டின் மசோதா, 2022இல் அது திரும்பப் பெறப்பட்டது என்று பல திருப்பங்களைக் கடந்து, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆயிற்று. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருப்பதால், 2027 மே மாதத்தைக் கெடுவாகக் கொண்டு நிறுவனங்கள் எங்களைப் போன்ற அலுவலகங்களைத் தேடி வருகின்றன. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற ஒரு வரியே பலரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும் என்கிறது. பல நிறுவனங்கள் இதை மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பி முடித்துவிடும் சில்லறை வேலையாகவே நினைக்கின்றன. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கட்சிக்காரரின் ஆவணங்களை வெளியார் மென்பொருளில் இடக்கூடாது என்பது எங்கள் அலுவலகத்தின் கட்டுப்பாடு என்பதால், எல்லாருக்கும் பொதுவான சட்டத்தின் வாசகத்தை மட்டும் ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தேன். தரவு யாரைப் பற்றியதோ அந்த நபரைக் குறிக்கும் ‘டேட்டா பிரின்சிபல்’ என்பதை அது ‘தரவு முதல்வர்’ ஆக்கித் தந்தது. பள்ளிக்கூடத்து வாசனை அடிக்கும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, ‘தரவுக்கு உரியவர்’ என்று எழுதினேன். உரியவர் என்று சொல்லும்போதே உரிமையும் உடன் வந்துவிடுகிறது. மூலச் சட்டம் தனிநபர்களைப் பெண்பாற் சொல்லால் குறிப்பதை ஒரு புதுமையாகப் பலர் பாராட்டினார்கள். தமிழில் ‘அவர்’ இருப்பதால் நமக்கு அந்தச் சிக்கலும் இல்லை, அந்தப் பெருமையும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் காத்திருந்தது. அந்தச் செயலியில், விற்பனையாளர் வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் விண்ணப்பிப்பவர்கள் மூன்று கேள்விகளுக்குக் கைப்பேசியில் பேசிப் பதில் சொல்கிறார்கள். பேச்சை மென்பொருள் எழுத்தாக்கி, மதிப்பெண் போட்டு, வேலை தருபவருக்கு வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. ஆங்கில அறிவிப்பில் இருந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இப்படி வந்தது: ‘விண்ணப்பதாரர் அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு, ஒலிச் சமிக்ஞைகளிலிருந்து ஈடுபாடு சார்ந்த உள்நோக்குகள் பெறப்படலாம்.’ இதைப் படிக்கும் ஒருவருக்கு என்ன புரியும்? எனக்கே புரியவில்லை. ஆங்கிலத்தில் படித்தபோது புரிந்ததாக நினைத்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. விதிகளோ, எந்தெந்தத் தரவு, எந்த நோக்கத்துக்காக என்பதை இனவாரியாக, தெளிவான எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்கின்றன.

நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். முதலில் அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பகுதியை வேறொரு நிறுவனத்திடம் வாங்கி இணைத்திருந்தார்கள். இரண்டு வாரம் தோண்டிய பிறகு தெரிந்ததை வைத்து நான் எழுதிய தமிழ் வாசகம் இது: ‘நீங்கள் பேசும் வேகம், குரலின் ஏற்ற இறக்கம், நடுவில் விடும் இடைவெளி ஆகியவற்றை எங்கள் கணினி அளந்து, இந்த வேலையில் உங்களுக்கு எவ்வளவு ஆர்வம் இருக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண்ணை வேலை தருபவர் பார்ப்பார்.’ அடுத்த கூட்டத்தில் இதை வாசித்தபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மேடம், இப்படி எழுதினா யார் மேடம் சம்மதம்னு அழுத்துவாங்க?” என்றார். எங்கள் சீனியர் குறுக்கிட்டு, “அதைத்தான் சட்டமும் கேட்குது” என்றார்.

கட்சிக்காரர் ஒரு மாற்றுவழியைச் சொன்னார். சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த தேவைகளுக்கு ஒப்புதல் இல்லாமலேயே தரவைக் கையாள இடம் தருகிறதே, அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ளலாமே என்பது அவர் வாதம். அந்த வாசகம் பணியாளரையும் அவரால் முதலாளிக்கு ஏற்படக்கூடிய இழப்பையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. விண்ணப்பம் மட்டுமே போட்டிருக்கும் ஒருவரை, அதுவும் இடையில் நிற்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்று, அதன்கீழ் கொண்டுவர முடியும் என்று எழுத்துப்பூர்வமாகக் கருத்துரைக்க நாங்கள் தயாராக இல்லை. நீதிமன்றம் வேறாகச் சொல்லக்கூடும். ஆனால் அந்தச் சோதனைக்கு முதல் ஆளாகத் தலையைக் கொடுக்கச் சொல்வது நல்ல ஆலோசனை ஆகாது.

இதே மென்பொருளை அவர்கள் ஜெர்மனியில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கும் விற்கப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பது நான்காவது வாரத்தில்தான், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், வெளியே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் சென்னையில் இருந்தாலும், மென்பொருள் ஒன்றியத்துச் சந்தைக்குப் போகுமானால் அந்தச் சட்டம் அதைத் தொடும். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள்கள் அங்கே உயர் இடர் வகையில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு இடர் மேலாண்மை, பயிற்சித் தரவின் தரம், மனித மேற்பார்வை என்று பல கடமைகள் உண்டு. அது கூடப் பரவாயில்லை. பணியிடத்தில் ஒருவருடைய குரல் போன்ற உடல்சார் அடையாளங்களிலிருந்து அவருடைய உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர்த்து, அந்தச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. 2025 பிப்ரவரி 2 முதல் அந்தத் தடை செல்லுபடியாகிறது. ஆட்சேர்ப்புக் கட்டமும் இதில் அடங்கும் என்று ஐரோப்பிய ஆணையம் தன் வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. மீறினால் மூன்றரைக் கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

‘ஆர்வம்’ ஓர் உணர்ச்சியா, மனப்பாங்கா என்று ஒரு முழு மதியம் விவாதித்தோம். விவாதம் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் முடிவை நம்பி ஜெர்மனிக்கு மென்பொருளை அனுப்பும் துணிச்சல் யாருக்கும் இல்லை. இங்கே நிலைமை வேறு. இந்தியாவில் செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2025 நவம்பரில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், இருக்கிற சட்டங்களைக் கொண்டே பெரும்பாலும் சமாளிக்கலாம் என்ற திசையில்தான் செல்கின்றன. இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவுக்கு உட்படாமல் இருக்கும் உரிமையை ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, விதிவிலக்குகளோடு, தன் 22ஆவது கூறில் தருகிறது. நம் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு இல்லை. ஆகவே, அங்கே விற்கவே கூடாத ஒன்றை, இங்கே ஒழுங்காகச் சொல்லிச் சம்மதம் வாங்கினால் விற்கலாம். விண்ணப்பிப்பவருக்கும் அந்த மதிப்பெண்ணுக்கும் நடுவில் அந்த அறிவிப்பின் நான்கு வரிகள் மட்டுமே நிற்கின்றன என்பதால்தான், அவற்றைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்.

இன்னொரு கேள்வியையும் கேட்டேன்: இந்த மென்பொருள் யாருடைய தமிழைக் கேட்டுப் பழகியது? நெல்லைக்காரர் இழுத்துப் பேசுவதையும், கொங்குப் பகுதிக்காரர் நிதானமாகப் பேசுவதையும் அது ஆர்வக் குறைவாக எடுத்துக்கொள்ளாது என்பதற்கு என்ன சோதனை செய்திருக்கிறீர்கள்? நியூயார்க் நகரத்தில் 2023 ஜூலை முதல், இத்தகைய கருவிகள் பால், இன அடிப்படையில் பாரபட்சம் காட்டுகின்றனவா என்று ஆண்டுதோறும் தணிக்கை செய்தாக வேண்டும். வட்டார வழக்கு எந்த நாட்டுத் தணிக்கைப் பட்டியலிலும் இருப்பதாக நான் பார்த்ததில்லை. பதில் வரவில்லை, கேள்வியை மின்னஞ்சலில் பதிவு செய்து வைத்தோம்.

ஏழாவது வாரத்தில் கட்சிக்காரர் ஆர்வ மதிப்பெண்ணை மென்பொருளிலிருந்து எடுத்துவிடுவதாக முடிவு செய்தார். தமிழ் அறிவிப்பு ஒரே நாளில் எழுதி முடிந்தது. அதில் எங்கும் பேனா தடைப்படவில்லை.

மிச்சமிருப்பது பழைய ஒலிப்பதிவுகள். ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு; திரும்பப் பெற்றால் தரவை அழிக்கவும் வேண்டும். சேமித்து வைத்த கோப்பை அழிக்கலாம். அந்தக் குரலைக் கேட்டுப் பயின்ற கணினி மாதிரியிலிருந்து (‘மாடல்’) ஒருவரை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? 2021இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், எவரால்பம் என்ற நிறுவனம் பயனர்களின் படங்களைக் கொண்டு உருவாக்கிய முகமறியும் மாதிரிகளையே அழிக்க உத்தரவிட்டது. நம் சட்டம் அவ்வளவு தூரம் போகுமா என்று இன்னும் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. சட்டம் நடைமுறைக்கு வருமுன் ஒப்புதல் தந்தவர்களுக்கும் கூடிய விரைவில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற 5ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை வைத்துக்கொண்டு, கட்சிக்காரரின் ஆட்கள் இப்போது அந்தப் பழைய விண்ணப்பதாரர்களின் கைப்பேசி எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் எங்களிடம் வந்து சேர்ந்ததும், அவர்களுக்கான அறிவிப்பை எழுத வேண்டும்.