சாவடிச் சுவரில் ஒரு போர்க் கல்வெட்டு

வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் நிறைய. எங்கள் ஊரும் அப்படித்தான். பழைய சாவடியை இடிக்கப் போகிறார்கள் என்றதும் அதன் சுவரில் இருந்த முதல் உலகப் போர் நினைவுப் பளிங்குக் கல்தான் எங்களுக்குக் கவலை. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பில் எழுத்தே மூழ்கிவிட்டது. தடவினால் 1914, 1919 என்ற எண்கள் மட்டும் விரலில் தட்டுப்படும்.

சாவடி ஊராட்சிச் சொத்து. இடிக்க வந்தவருக்கோ எல்லாமே இடிபாடுதான். ஆகஸ்ட் 15 கிராம சபையில், கல்லைப் பத்திரமாக எடுத்துப் பள்ளிக்கூடத்தில் பதிக்கத் தீர்மானம் போட வைத்தோம். அந்த நகல் கையில் இருந்ததால் அப்புறம் யாரும் குறுக்கே வரவில்லை.

கொத்தனார் கல்லை நெம்பவே இல்லை. சுற்றியிருந்த செங்கல்லை ஒவ்வொன்றாக உருவினார். சுண்ணாம்புக் காரை என்பதால் விட்டுக்கொடுத்தது.

“ஆசிட் ஊத்துங்க, பளிச்சுன்னு ஆயிடும்” என்று ஆளாளுக்கு யோசனை. சுண்ணாம்புப் பூச்சும் பளிங்கும் அடிப்படையில் ஒரே கால்சியம் கார்பனேட். ஆசிட் பூச்சைத் தின்றுவிட்டு எழுத்தையும் தின்னும். ஈரச் சாக்கைப் போர்த்தி ஊறவிட்டு, மூங்கில் சீவலால் சுரண்டி, பழைய டூத் பிரஷ்ஷால் எழுத்துக் குழிகளைத் தேய்த்தோம். பாலிஷ் போடச் சொன்னவர்களும் உண்டு. போட்டால் எழுத்தின் ஆழம் குறையும். நூறு வயதுக் கல் நூறு வயதாகவே தெரிந்தால் என்ன?

கல்லில் இருந்தது ஆங்கிலம்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள். ஒரு பெயர்கூட இல்லை. ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கதைதான். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும் மட்டும்.

கல்லைவிட அந்தப் பெயர்களைத் தேடுவதுதான் பெரிய வேலையாகிவிட்டது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வைத்திருக்கும், போரில் இறந்தவர்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சில பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், வட்டம் எல்லாம் இருக்கும். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் எப்படி எழுதினான் என்று ஊகிப்பதற்குள் தலை சுற்றிவிடும். அதனால் அப்போதைய மாவட்டமான வட ஆற்காடு என்று போட்டு வடிகட்டினோம். ஒருவர் மட்டும் ஊரில் உள்ள ஒரு குடும்பத்தோடு சந்தேகமில்லாமல் பொருந்தினார். பழைய கல்லில் கை வைக்காமல், கீழே தனி கிரானைட் பலகையில் அவர் பெயரை வெட்டினோம்.

மற்றவர்களுக்காக வீடு வீடாகப் பழைய பென்ஷன் காகிதமும் மெடலும் கேட்டு வருகிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் காலத்து வெள்ளி மெடல் கிடந்தால் விளிம்பைப் பாருங்கள். சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு அங்கேதான் பொறித்திருக்கும்.