அம்மா முறத்தோடு பால்கனிக்குப் போன காரணம்

அம்மா எங்களோடு வந்து தங்கி எட்டு மாதம் ஆகிறது. மதுரையில் எங்களுடையது இரண்டு படுக்கையறை உள்ள ஃபிளாட். வந்த நாளிலிருந்தே உளுந்து புடைப்பதானாலும் சரி, முருங்கைக்கீரை ஆய்வதானாலும் சரி, முறத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். ஊரில் திண்ணையில் உட்கார்ந்து செய்த பழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் ராத்திரி ஏழு மணிக்குக் கீரைக்கட்டோடு வந்து, "இப்பவே ஆய்ஞ்சிடலாமாம்மா?" என்று கேட்டேன். "விடியட்டும்டி. உன் அடுப்படில நின்னா என் நிழல்தான் தெரியுது, கீரை எங்க தெரியுது?" என்றார்.

போய் அவர் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன். டியூப்லைட் எனக்குப் பின்னால் சுவரில், கதவுக்கு மேலே இருக்கிறது. முன்னால் மேடையில் என் தலையும் தோளும் கறுப்பாக விழுந்து கிடக்கின்றன. காய் நறுக்கும் பலகை சரியாக அந்த நிழலுக்குள். பத்து வருஷமாக அங்கேதான் சமைக்கிறேன். இருட்டாக இருக்கிறது என்று ஒருமுறை விளக்கை மாற்றியும் இருக்கிறேன். 20 வாட் எல்.இ.டி. பேட்டன், அதாவது டியூப்லைட் மாதிரி நீளமான பட்டை விளக்கு, சுமார் 2000 லூமென் வெளிச்சம். அறை பளிச்சென்று ஆனது, மேடை மட்டும் அப்படியே இருந்தது. முதுகுக்குப் பின்னால் எத்தனை வாட் போட்டாலும் நிழல் முன்னால்தானே விழும்!

மறுநாளே எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய் இரண்டடி பேட்டன், 10 வாட்டில் ஒன்று வாங்கினேன். மேடைக்கு மேலே உள்ள அலமாரியின் அடியில் பொருத்தவேண்டும். எலக்ட்ரீஷியன் சுவரை ஒட்டிப் பின்பக்கம் வைக்கப் போனார். வேண்டாம் என்று முன் விளிம்பை ஒட்டி வைக்கச் சொன்னேன். பின்னால் வைத்தால் வெளிச்சம் முதலில் சுவர் டைல்ஸில் பட்டு அங்கிருந்து கண்ணில் தெறிக்கும். முன்னால் வைத்தால் கை வேலை செய்யும் இடத்தில் நேராக விழும். அலமாரியின் விளிம்பு விளக்கையே கண்ணுக்கு மறைத்துவிடும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கும் சூடும் சேர்ந்து விளக்கைக் கெடுத்துவிடும். தினம் நாலு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்றேகால் யூனிட்கூட ஆகாது.

இப்போது உளுந்தில் கிடக்கும் கல் தனியாகத் தெரிகிறது. கீரைக் காம்பில் ஒட்டியிருக்கும் பச்சைப் புழுவும் தெரிகிறது.

கடையில் "எத்தனை வாட்?" என்றுதான் கேட்பார்கள். வாட் என்பது விளக்கு தின்னும் கரண்ட். அது தரும் வெளிச்சம் லூமென், டப்பாவிலேயே போட்டிருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. அப்புறம் கெல்வின், அது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 4000 நடுவாந்திர வெள்ளை. 6500 நீலம் கலந்த வெள்ளை. நம்மூரில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது 6500தான். அதுதான் "நல்ல வெளிச்சம்" என்று நமக்கெல்லாம் பழகிவிட்டது. அடுப்படிக்கு நான் 4000 கேட்டு வாங்கினேன். வெங்காயம் பொன்னிறமானது அதில் ஒழுங்காகத் தெரிகிறது.

டப்பாவின் ஓரத்தில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது, உச்சம் 100. எண்பதுக்குக் குறைந்ததை வீட்டுக்குள் விடாதீர்கள். பீரோ இருக்கும் அறைக்குத் தொண்ணூறு கிடைத்தால் நல்லது. அரக்குச் சேலைக்குக் காபிப்பொடி நிற ரவிக்கையை எடுத்துப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டு வாசலில் போய்த் தெரிந்துகொள்ளும் கஷ்டம் இருக்காது.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணில் இன்னும் இருக்கிறது. வயதாக ஆகக் கண்பாவை சுருங்கும், உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளாகும். அதனால் அதிக வெளிச்சம் வேண்டும். ஆனால் புரை உள்ள கண்ணில் நேராக விழும் வெளிச்சம் சிதறிக் கூசும். வெளிச்சமும் வேண்டும், விளக்கு கண்ணில் படவும் கூடாது. ஹாலில் ஃபால்ஸ் சீலிங்கில் எட்டு விளக்குகளைப் பதித்து வைத்திருந்தோம். அத்தனையும் பளபளக்கும் தரையில் எதிரொளித்து, "கீழயும் மேலயும் குத்துதுடி" என்பார். நாலைக் கழற்றிவிட்டேன்.

அவர் பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு இடது தோளுக்குப் பின்னால், துணிக்கூடு போட்ட நிற்கும் விளக்கு ஒன்று வைத்தேன். 3000 கெல்வின், 9 வாட். பல்புக்கும் பேப்பருக்கும் உள்ள தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்பதால் கூட்டைக் கொஞ்சம் தாழ்த்தினேன். பூதக்கண்ணாடியை எடுப்பது குறைந்திருக்கிறது. மாலையில் விளக்கேற்றும்போது ஹால் விளக்குகளை அணைத்துவிட்டு அதை மட்டும் எரியவிடச் சொல்கிறார். அந்த மஞ்சளில் குத்துவிளக்குச் சுடர் தனியாகத் தெரிகிறது, எனக்கும் அது பிடித்திருக்கிறது.

படுக்கையிலிருந்து பாத்ரூம் போகும் வழியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அரை வாட் மஞ்சள் விளக்குகள் இரண்டு. வெள்ளை விளக்கானால் நடு ராத்திரியில் தூக்கம் கலைந்துவிடும். உயரத்தில் வைத்தால் கால் வைக்கும் இடம் தெரியாது.

மொட்டை மாடிப் படிக்கட்டு ஒன்றுதான் பாக்கி. சுவிட்ச் கீழே மட்டும் இருக்கிறது, மேலே போனவர் இருட்டில்தான் இறங்கவேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து, கீழேயும் மேலேயும் போட்டு அணைக்கிற டூ வே சுவிட்ச் போடுகிறேன் என்றிருக்கிறார். அதுவரை வடகம் காயப்போட அம்மாவைத் தனியாக மேலே விடுவதில்லை.